பச்சிளங்குழந்தையின் பார்வையும் கறுப்பு வெள்ளைக் கோடுகளும்

பிறந்த அன்றே குழந்தைக்குக் கண் தெரியும். தெளிவாகத் தெரிவதற்குத்தான் மாதங்கள் பிடிக்கும். நிறைமாதத்தில் பிறந்த குழந்தையின் விழிக்கோளம் முன்னிருந்து பின்வரை ஏறத்தாழ 17 மில்லிமீட்டர் நீளம்; வளர்ந்தவருக்கு அது 23, 24 மில்லிமீட்டர். ஆனால் பார்வை மங்கலாக இருப்பதற்கு விழியின் சிறிய அளவு முக்கியக் காரணம் அல்ல. காரணம் விழித்திரையின் நடுவில் இருக்கிறது. எழுத்தைப் படிக்கவும் ஊசியில் நூல் கோக்கவும் பெரியவர்களுக்கு உதவுவது விழித்திரை மையத்தில் உள்ள ஒரு சின்னஞ்சிறு குழி. அங்கே ஒளியை உணரும் கூம்பு செல்கள் மெலிந்து நீண்டு, நெருக்கியடித்து நிற்கும். பச்சிளங்குழந்தைக்கு அந்தச் செல்கள் குட்டையாகவும் தடித்தும் இடைவெளி விட்டும் நிற்கின்றன. அவற்றின் மேல் படர்ந்திருக்கும் நரம்புச் செல்களும் இன்னும் முழுதாக விலகி வழிவிட்டிருக்காது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் அனிதா ஹெண்ட்ரிக்சன் 1980களில் விழித்திரைகளை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, இந்த மையக்குழியின் முதிர்ச்சி நான்கு வயதை ஒட்டியும் நடந்துகொண்டிருப்பதைக் காட்டினார். கண்ணிலிருந்து மூளைக்குச் செல்லும் நரம்பிழைகளின் உறையும், மூளையின் பின்புறத்தில் பார்வைக்கென உள்ள பகுதியின் நரம்பு இணைப்புகளும் பிறந்த பிறகே வேகமாக வளர்கின்றன.

இந்த மங்கல் எவ்வளவு என்பதை ஒரு கோட்டுப் படத்தைக் கொண்டு அளந்துவிடலாம். குழந்தையின் முகத்திலிருந்து 30 சென்டிமீட்டர் தூரத்தில், ஒரு கறுப்புக் கோடும் அதை அடுத்த வெள்ளைக் கோடும் சேர்ந்து சுமார் 5 மில்லிமீட்டர் அகலம் இருந்தால்தான் முதல் மாதக் குழந்தைக்கு அவை கோடுகளாகத் தெரியும். அதைவிட நெருக்கமான கோடுகள் ஒன்றில் ஒன்று கரைந்து வெறும் சாம்பல் பரப்பாகிவிடும். நல்ல பார்வையுள்ள பெரியவர் அதே தூரத்தில் அந்த அகலத்தில் முப்பதில் ஒரு பங்கைக்கூடப் பிரித்துப் பார்ப்பார். மதுரைச் சுங்குடிச் சேலையின் பொடிப் புள்ளிகள் தாய்க்கு எவ்வளவு அழகாக இருந்தாலும், மடியில் கிடக்கும் சிசுவுக்குக் கலங்கலாகவே தெரியும். செட்டிநாட்டுக் கண்டாங்கியின் அகலக் கட்டங்கள் கட்டங்களாகவே கண்ணில் படும்.

கோட்டின் அகலத்தைப் போலவே நிறங்களுக்கு இடையிலான வேறுபாடும் முக்கியம். வெள்ளைச் சுவரில் வெளிர் நீலப் பூவைப் பெரியவர் கண் உடனே கண்டுகொள்ளும். பச்சிளங்குழந்தைக்கு அந்தப் பூவும் சுவரும் ஒன்றுதான். வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வேறுபாடு, பெரியவருக்குத் தேவைப்படுவதைப் போலப் பல மடங்கு இருந்தால்தான் அதன் கண் அதை உணரும். குழந்தைப் பொருள்கள் விற்கும் கடைகளில் வெளிர் இளஞ்சிவப்பும் வெளிர் மஞ்சளும் நிறைந்திருப்பது வாங்குபவரின் கண்ணுக்காக. அவற்றைப் பயன்படுத்தப்போகும் குழந்தையின் கண்ணுக்கு முதல் சில வாரங்களில் அவை ஏறக்குறைய இல்லாதவையே.

இதிலிருந்துதான், பிறந்த குழந்தைக்குக் கறுப்பு வெள்ளை மட்டுமே தெரியும் என்ற தவறான நம்பிக்கை பரவியிருக்கிறது. அடர்ந்த சிவப்பு பெரிய பரப்பாக இருந்தால், அதை வெள்ளையிலிருந்தும் சாம்பலிலிருந்தும் பச்சிளங்குழந்தை பிரித்தறியும். நீலம்தான் அதற்குக் கடினம். இரண்டு மூன்று மாதங்களில் நிறப்பார்வை பெரும்பாலும் கூடிவிடுகிறது. கறுப்பு வெள்ளையைப் பரிந்துரைப்பதற்குக் காரணம், குழந்தைக்கு நிறம் தெரியாது என்பதல்ல. மிக வலுவான வெளிச்ச வேறுபாடு அந்த இணையில்தான் கிடைக்கிறது என்பதே.

தூரத்துக்கும் ஓர் எல்லை உண்டு. ஹேய்ன்ஸ், ஒயிட், ஹெல்ட் என்ற மூவரும் 1965ல் வெளியிட்ட ஆய்வின்படி, முதல் மாதக் குழந்தையின் கண் ஏறத்தாழ 19 சென்டிமீட்டர் தூரத்தில் நிலைத்துக் குவிகிறது. பொருள் நகர்ந்தாலும் குவியம் சரியாகப் பின்தொடர்வதில்லை. நான்காம் மாதத்தில் இத்திறன் பெரியவரை நெருங்குகிறது. பால் குடிக்கும்போது குழந்தையின் கண்ணுக்கும் தாயின் முகத்துக்கும் உள்ள தூரமும் ஏறக்குறைய இதே 20 முதல் 30 சென்டிமீட்டர்தான்.

குழந்தை எதைப் பார்க்க விரும்புகிறது என்ற கேள்விக்கு முதலில் முறையான விடை தேடியவர் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் பணியாற்றிய உளவியலாளர் ராபர்ட் ஃபான்ட்ஸ். பேசத் தெரியாத, கைநீட்டத் தெரியாத உயிரிடம் கேள்வி கேட்க அவர் கண்ட வழி மிக எளிமையானது. குழந்தையைச் சிறு கூண்டுக்குள் மல்லாக்கப் படுக்கவைத்தார். மேலே படங்களை மாட்டினார். நடுவில் ஒரு சிறு துளை. அதன் வழியே பார்த்தால் எந்தப் படத்தின் பிம்பம் குழந்தையின் கண்மணி மேல் விழுகிறது என்பது தெரியும். எந்தப் பிம்பம் எத்தனை நேரம் கண்மணியில் தங்குகிறது என்று கணக்கிட்டதே முழு ஆராய்ச்சியும். 1963ல் அவர் வெளியிட்ட முடிவுகளில், பிறந்து 10 மணி நேரமே ஆன குழந்தை முதல் 5 நாள் குழந்தை வரை எல்லாருக்கும் வட்டத் தட்டுகள் காட்டப்பட்டன. ஒன்றில் முகப் படம், ஒன்றில் செய்தித்தாள் துண்டு, ஒன்றில் வளையத்துக்குள் வளையம், மற்றவை வெறும் வெள்ளை, மஞ்சள், சிவப்பு. குழந்தைகள் மிக அதிக நேரம் பார்த்தது முகத்தை. அடுத்து வளையங்களும் அச்செழுத்தும். வெறும் நிறத் தட்டுகளுக்குக் கிடைத்தது அதில் பாதி அளவு கவனமே. பச்சிளங்குழந்தைக்கு உலகம் வெறும் பனிமூட்டம் என்று அதுவரை பலரும் எண்ணியிருந்ததை இந்தச் சிறு துளை மாற்றிவிட்டது.

வடிவத்தின் மேல் இந்த ஈர்ப்பு ஏன் என்பதற்கு மூளையின் அமைப்பில் விடை உண்டு. டேவிட் ஹ்யூபலும் டார்ஸ்டன் வீசலும் 1950களின் இறுதியில் பூனையின் பார்வை மூளையில் ஒற்றைச் செல்லின் மின்துடிப்பைப் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். ஒளிப்புள்ளி, கறுப்புப் புள்ளி எதைக் காட்டினாலும் அந்தச் செல் அசையவில்லை. படக்கருவியில் கண்ணாடித் தகட்டைச் செருகிய கணத்தில், தகட்டின் ஓரத்தால் விழுந்த மெல்லிய நிழல்கோடு திரையில் நகர்ந்தது. செல் படபடவென்று துடித்தது. அது தேடியது புள்ளியை அல்ல, குறிப்பிட்ட சாய்வில் உள்ள விளிம்பை. வெளிச்சமும் இருளும் சந்திக்கும் விளிம்புகளிலிருந்தே மூளை உருவங்களைக் கட்டுகிறது என்ற இந்தக் கண்டுபிடிப்பும், அதைத் தொடர்ந்த வேலைகளும் இருவருக்கும் 1981ல் நோபல் பரிசு பெற்றுத் தந்தன. அகலமான கறுப்பு வெள்ளைக் கோடு, சதுரக் கட்டம், வளையம் ஆகியவை மங்கலான கண்ணுக்கும் பிடிபடும் விளிம்புகளைத் தருகின்றன. எளிய வடிவங்களுக்கு உள்ள மதிப்பு இதுதான்; இதற்கு மேல் அவற்றில் மாயம் எதுவும் இல்லை.

வடிவங்களில் தலைசிறந்தது முகம். கோரனும் அவருடைய சகாக்களும் 1975ல் வெளியிட்ட ஆய்வில், பிறந்து சராசரியாக 9 நிமிடமே ஆன குழந்தைகள் முகம் போன்ற வரைபடத்தை, கண் மூக்கு இடம் மாறிய படத்தைவிட அதிகத் தூரம் தலை திருப்பிப் பின்தொடர்ந்தன. முகத்தில் குழந்தை எதைப் பார்க்கிறது என்பது இன்னும் சுவையானது. முதல் மாதத்தில் அதன் பார்வை உள்ளே போவதில்லை, ஓரத்திலேயே தங்குகிறது. நெற்றியும் கருங்கூந்தலும் சேரும் முடியோரம், தாடை விளிம்பு, காது ஆகியவைதான் அதற்கு முகம். பிரெஞ்சு ஆய்வாளர் ஒலிவியே பஸ்காலியும் சகாக்களும் 1995ல் இதை நேரடியாகச் சோதித்தார்கள். நான்கு நாள் குழந்தைகள் அந்நியப் பெண்ணைவிடத் தங்கள் தாயையே அதிகம் பார்த்தன. இரு பெண்களும் தலைமுடி மறையத் துணி கட்டிக்கொண்டதும் அந்த வேறுபாடு இல்லாமல் போனது. இரண்டாம் மாதத்தில்தான் பார்வை விளிம்பைத் தாண்டி உள்ளே நுழைந்து கண்ணையும் வாயையும் தேடுகிறது. "குழந்தை முகம் பார்க்குதா?" என்று பாட்டிமார் விசாரிப்பது இந்தப் பருவத்தைத்தான். அது வெறும் கொஞ்சல் விசாரிப்பு அல்ல. குழந்தை மருத்துவரும் இரண்டு மாதப் பரிசோதனையில் அதையேதான் கேட்கிறார்.

ஆகவே கறுப்பு வெள்ளை அட்டையைப் பற்றிப் பேசும் முன் தாயின் முகத்துக்கு வெளிச்சம் விழுகிறதா என்று பார்ப்பது நல்லது. ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பாலூட்டினால் குழந்தைக்குத் தெரிவது ஒரு கறுத்த நிழலுருவம்தான். பக்கவாட்டில் ஜன்னல் வருமாறு உட்கார்ந்தால் நெற்றி, கூந்தல், பொட்டு எல்லாம் துலங்கும். செலவில்லாத இந்த ஒரு மாற்றம் கடையில் வாங்கும் எந்த அட்டையையும்விடப் பயன் தரும்.

அட்டை வேண்டுமென்றால் வீட்டிலேயே செய்துகொள்ளலாம். ஒரு சாண் அகலத்துக்கு வெள்ளை அட்டை, கறுப்புச் சார்ட் பேப்பர் அல்லது தடித்த ஸ்கெட்ச் பேனா போதும். கோடு ஒவ்வொன்றும் 2 சென்டிமீட்டர் அகலம் இருக்கலாம். முன்சொன்ன எல்லையைவிட இது பல மடங்கு பெரிது என்பதால் சிரமமில்லாமல் தெரியும். ஒரு அட்டையில் ஒரு வடிவம்தான் இருக்க வேண்டும். நான்கு கோடு, அல்லது நான்கு சதுரம், அல்லது வளையத்துக்குள் வளையம், அல்லது இரு கண்ணும் ஒரு வாயும் கொண்ட வட்ட முகம். பளபளப்பான தாள் விளக்கொளியைத் திருப்பியடித்து வடிவத்தைக் கெடுக்கும். மங்கிய பரப்பே நல்லது. மினுமினுப்பு, பொத்தான், உரிந்துவரும் ஸ்டிக்கர் எதுவும் கூடாது. காட்டி முடிந்ததும் அட்டையை எடுத்துவிட வேண்டும். குழந்தை தூங்கும் இடத்தில் அட்டை, கயிறு, துணிப் பொம்மை எதையும் விட்டுவைப்பது மூச்சடைப்புக்கு வழிவகுக்கும்.

எப்போது காட்டுவது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். பிறந்த குழந்தை பெரும்பகுதி நேரம் தூங்கும். மீதியில் பால் குடிக்கும், அழும். கைகால் ஓய்ந்து, கண் பளிச்சென்று விரிந்து, முகம் அமைதியாக இருக்கும் விழிப்பு ஒரு தடவைக்குச் சில நிமிடங்களே நீடிக்கும். பால் குடித்து, துணி மாற்றியபின் அது பெரும்பாலும் வரும். அந்த நேரத்தில் அட்டையை 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரத்தில் அசையாமல் பிடித்து, குழந்தையின் கண் அதைக் கண்டுபிடிக்கக் காத்திருக்க வேண்டும். கண் நிலைத்ததும் ஒரு பக்கமாக மெல்ல நகர்த்தலாம். முதல் வாரங்களில் பார்வை வழுக்கிச் செல்லாது. தாவித் தாவித்தான் பின்தொடரும். சீராகத் தொடர்வது இரண்டாம் மாதத்தில் வரும்.

மல்லாந்து கிடக்கும் பச்சிளங்குழந்தை நேராக மேலே பார்ப்பதும் அரிது. தலை ஒரு பக்கம், பெரும்பாலும் வலப்பக்கம், சாய்ந்திருக்கும். தொட்டிலுக்கு நேர் மேலே தொங்கும் கிளிப்பொம்மை அதனால் முதல் மாதத்தில் கண்ணில் படுவதே இல்லை. குழந்தையின் முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ அந்தப் பக்கம் அட்டையைப் பிடிக்க வேண்டும். தூளியில் கிடக்கும் குழந்தைக்கோ இரு பக்கமும் துணிதான். தூங்கத் தூளி ஏற்றதாகத் தோன்றினாலும், விழித்திருக்கும் நேரத்தில் மடியிலோ தரைவிரிப்பிலோ படுக்கவைத்தால் ஜன்னல் கம்பிகளும் கதவோரமும் வீட்டார் முகங்களும் கண்ணுக்கு எட்டும்.

போதும் என்று குழந்தை சொல்வதைப் புரிந்துகொள்வதும் இதில் பாதி. முகத்தைத் திருப்பிக்கொள்வது, கொட்டாவி, விக்கல், தும்மல், விரல்களை விசிறிபோல் விரிப்பது, சிணுங்கல் ஆகிய யாவும் களைப்பின் அடையாளங்கள். ஒன்றிரண்டு மாதக் குழந்தைக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. வலுவான வடிவத்தில் கண் பதிந்துவிட்டால் அதிலிருந்து பார்வையை விடுவிக்கும் நரம்புக் கட்டுப்பாடு இன்னும் வரவில்லை. சதுரக் கட்டத்தையே வெறித்துப் பார்த்து, விலக முடியாமல் கடைசியில் அழத் தொடங்கும். உற்றுப் பார்க்கிறதே என்று பெரியவர் மகிழ்ந்துகொண்டிருக்கும் அந்த நீண்ட பார்வை எப்போதும் ஆர்வம் அல்ல. இரண்டு மூன்று நிமிடத்தில் அட்டையை விலக்கிவிடுவது குழந்தைக்குச் செய்யும் உதவி.

அதிகம் காட்டினால் அதிக வளர்ச்சி என்ற எண்ணத்தையும் ஒரு பழைய சோதனை பதம் பார்த்திருக்கிறது. 1960களில் பர்ட்டன் ஒயிட்டும் ரிச்சர்ட் ஹெல்டும், வெள்ளை விரிப்பும் வெள்ளைக் கூரையுமாக எதுவும் பார்க்கக் கிடைக்காத ஒரு அமெரிக்க மருத்துவமனைத் தொட்டிலறையில் வளர்ந்த குழந்தைகளைக் கவனித்தார்கள். ஒரு குழுவுக்குப் பல வண்ண விரிப்பு, தொங்கும் பொம்மைகள் என்று தொட்டிலை நிறைத்தார்கள். அக்குழந்தைகள் பொருளைப் பார்த்துக் கைநீட்டிப் பிடிப்பதில் முந்தினாலும், முதல் வாரங்களில் குறைவாகப் பார்த்தன, அதிகம் அழுதன. தன் கையைத் தானே பார்க்கும் பழக்கமும் தாமதமானது. வேறொரு குழுவுக்குத் தொடக்கத்தில் தொட்டிலின் இரு பக்கமும் சிவப்பும் வெள்ளையுமான பின்னணியில் சூப்பான் ஒவ்வொன்றை மட்டும் பொருத்தினார்கள். எளிமையான இந்த ஏற்பாட்டில் வளர்ந்த குழந்தைகள் அந்தக் கஷ்டங்கள் இல்லாமலே கைநீட்டிப் பிடிப்பதில் முன்னேறின. வெறுமை கெடுதல், திணிப்பும் கெடுதல் என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய சோதனைகள் குறைவு.

அட்டை காட்டினால் குழந்தையின் பார்வை மற்றக் குழந்தைகளைவிடக் கூர்மையாகும், அறிவு வளரும் என்று விற்பனைப் பெட்டிகளில் அச்சிடுவதற்கு ஆதாரம் இல்லை. ஆரோக்கியமான கண்ணின் வளர்ச்சிக்கு வீட்டின் சாதாரணக் காட்சிகளே போதும். முன்கூட்டிப் பிறந்து, கூடுதல் வாரங்கள் வெளியுலகைப் பார்த்த குறைமாதக் குழந்தைகளுக்கும் பார்வைக் கூர்மை பெரும்பாலும் பிறந்த நாளை வைத்து அல்ல, கருவுற்றதிலிருந்து கணக்கிடும் வயதை ஒட்டியே வளர்கிறது. அட்டை செய்வது வேறு வேலை. விழித்திருக்கும் சில நிமிடங்களுக்கு அது குழந்தைக்குப் பார்க்க ஒன்றைத் தருகிறது. அதன் கண் எப்படிப் பார்க்கிறது என்று கவனிக்கப் பெரியவருக்கு வாய்ப்பும் தருகிறது. இரண்டாவது பயனே பெரிது. கண் மருத்துவர்கள் பயன்படுத்தும் டெல்லர் அட்டையும் இந்த அடிப்படையில்தான் உருவானது: சாம்பல் அட்டையின் ஒரு பக்கத்தில் கோடுகள், குழந்தையின் பார்வை கோட்டுப் பக்கம் திரும்பினால் அந்த அகலம் அதற்குத் தெரிகிறது என்று பொருள்.

செல்பேசித் திரையில் அசையும் கறுப்பு வெள்ளை வடிவங்களைக் காட்டும் காணொளிகள் இப்போது வீட்டுக்கு வீடு வந்துவிட்டன. அவற்றைத் தவிர்க்கத்தான் வேண்டும். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் திரையே கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் 2019ல் வெளியிட்ட வழிகாட்டுதல். கண்ணுக்கு மை தீட்டுவதையும், தாய்ப்பாலோ எண்ணெயோ கண்ணில் விடுவதையும் நிறுத்த வேண்டும். சில மைகளில் ஈயம் கலந்திருக்கிறது, மூன்றினாலும் கிருமித்தொற்று வரலாம். திருஷ்டிக்காக வைக்கும் கறுப்புப் பொட்டைத் தாயின் கன்னத்தில் வைத்தால் குழந்தைக்குப் பார்க்கவாவது ஒன்று கிடைக்கும்.

மூன்று நான்கு மாதமானதும் அட்டைக்கு வேலை முடிகிறது. இரு கண்ணும் சேர்ந்து ஆழத்தை உணரும் திறன் அப்போது பிறக்கிறது, நிறங்கள் துலங்குகின்றன, கை நீள்கிறது. இனி குழந்தைக்கு வேண்டியது பிடிக்கவும் வாயில் வைக்கவும் ஏற்ற கிலுகிலுப்பையும் கரண்டியும் வண்ணத் துணியும்.

பார்வை அனுபவம் கிடைக்காமல் போனால் என்ன ஆகும் என்பதைப் பிறவிக் கண்புரை காட்டுகிறது. கனடாவின் டாஃப்னி மௌரர், டெர்ரி லூயிஸ் குழுவினர் 1999ல், புரை நீக்கிக் கண்ணுக்கேற்ற லென்ஸ் பொருத்தப்பட்ட 28 குழந்தைகளைச் சோதித்தார்கள். ஒன்பது மாதம் வரையான வயதிலும் அவர்களின் பார்வைக் கூர்மை முதலில் பச்சிளங்குழந்தையின் அளவிலேயே இருந்தது. ஒரே ஒரு மணி நேரம் உலகைப் பார்த்தபின் அளந்தபோது முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் காத்திருக்க நேரம் அதிகம் இல்லை. ஒரு கண்ணில் புரை என்றால் ஆறு வாரத்துக்குள்ளும், இரு கண்ணிலும் என்றால் எட்டு முதல் பத்து வாரத்துக்குள்ளும் அறுவை நடப்பதே நல்லது. தாமதமானால் கண்ணைச் சரிசெய்தாலும் மூளை அந்தக் கண்ணை ஒதுக்கிவிடும்.

எனவே கண்மணியில் வெண்மை தெரிந்தாலோ, பிளாஷ் போட்டு எடுத்த படத்தில் ஒரு கண் சிவப்பாகவும் மற்றது வெள்ளையாகவும் விழுந்தாலோ அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். கண்கள் இடைவிடாமல் ஆடுவது, வெளிச்சம் பட்டதும் கூசிக் கண்ணீர் வழிவது, ஒரு விழி மற்றதைவிடப் பெரிதாக இருப்பது ஆகியவையும் அப்படியே. முதல் மாதங்களில் கண் அவ்வப்போது ஒன்றரையாகத் திரும்புவது இயல்பு; எப்போதும் திரும்பியே இருந்தால், அல்லது நான்கு மாதத்துக்குப் பிறகும் நீடித்தால் அது மாறுகண். அதை அதிர்ஷ்டம் என்று விட்டுவிடுவது கண்ணைப் பறிகொடுப்பதாகும். மூன்று மாதமாகியும் முகத்தையோ அட்டையையோ கண் பின்தொடரவில்லை என்றால் இன்னும் ஒரு மாதம் பார்க்கலாம் என்று காத்திருக்கக் கூடாது.

குறைமாதக் குழந்தைகளுக்கு இதற்கும் முந்திய கெடு ஒன்று இருக்கிறது. 34 வாரத்துக்கு முன்போ 2,000 கிராமுக்குக் குறைந்த எடையிலோ பிறந்த குழந்தைக்கு விழித்திரையின் இரத்தக் குழாய்கள் தாறுமாறாக வளர்ந்து பார்வை போய்விடும் ஆபத்து உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் கண் இயல்பாகவே இருக்கும். பிறந்த 30 நாளுக்குள் கண் மருத்துவர் கண்மணியை விரித்து விழித்திரையைப் பரிசோதிக்க வேண்டும் என்பது இந்தியாவில் பின்பற்றப்படும் விதி. 28 வாரத்துக்கு முன்போ 1,200 கிராமுக்குக் குறைவாகவோ பிறந்திருந்தால் இரண்டு மூன்று வாரத்திலேயே செய்ய வேண்டும். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் அன்றே அந்தப் பரிசோதனைத் தேதியைக் கேட்டு, டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.